பெங்களூர் முறையும் தொட்டி மண்ணும்: ஒரு சொல்லின் இரு வரலாறுகள்

தமிழர் செறிந்து வாழும் பெங்களூருவின் ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் வளர்வதற்கு மாடியிலோ வாசலிலோ வைத்த பெரிய தொட்டிகளே இடம். அவற்றை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் ‘கம்போஸ்ட்’ என்ற ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுமப்பதால் அக்கேள்வி குழப்பத்தில் முடிகிறது. ஒன்று வயலுக்கான மட்கு உரம். மற்றொன்று தொட்டிக்கான மண் கலவை. இவ்விரண்டின் வரலாறுகளும் வெவ்வேறானவை.

முதலாவதன் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் 1924 முதல் 1931 வரை இந்தூரில் உருவாக்கிய முறையில், குவியலைச் சில மாதங்களுக்குள் பலமுறை புரட்டிக் காற்றூட்ட வேண்டும். ஸ்ரீராம்புரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த ‘பெங்களூர் முறை’ இதற்கு மாறானது. குழியில் நகரக் குப்பையையும் மலக்கழிவையும் அடுக்கடுக்காக இட்டு, தொடக்க வெப்பச் சிதைவுக்குப் பின் சேறு பூசி மூடிவிடுவர். புரட்டுதல் இல்லை, ஆறு முதல் எட்டு மாதங்களில் உரம் கிடைக்கும். நீரிழப்பும் நைட்ரஜன் இழப்பும் குறைவு. நகராட்சிகளுக்கு ஏற்ற முறையாக இது பரவியதன் காரணம் இதுவே.

இவ்வெற்றியின் அடியில் ஒரு சமூக உண்மை புதைந்திருக்கிறது. புரட்டும் வேலை நீங்கியதே தவிர, மலக்கழிவை அள்ளிச் சுமந்து குழிக்குக் கொண்டுவரும் வேலை நீங்கவில்லை. அது சாதியால் விதிக்கப்பட்ட உழைப்பாகவே தொடர்ந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது; அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. மட்கு உரத்தின் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இவ்வுழைப்பை விட்டுவிட்டு எழுத இயலாது.

இரண்டாவது வரலாறு இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் தொடங்குகிறது. வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் இருவரும் 1930களில் வகுத்த தொட்டிக் கலவையில் ஏழு பங்கு தூய்மையாக்கிய தோட்டமண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல். அதில் மட்கு உரம் இல்லை. ஊட்டம் தனியே அளந்து சேர்க்கப்பட்டது. கலவையின் முதற்கடமை வேருக்குக் காற்றும் நீரும் பிடிப்பும் அளிப்பதே என்ற புரிதல் அதில் அடங்கியுள்ளது.

இந்த வேறுபாடு புதர்ச்செடிக்கு மிக முக்கியமானது. மட்கு உரம் தொட்டிக்குள்ளும் தொடர்ந்து சிதையும், மண்மட்டம் இறங்கும், துளைகள் அடைபடும், நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும். ஒரு பருவத்துக் கீரைக்கு இது பெரிய இடர் அன்று. ஒரே தொட்டியில் மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும் செம்பருத்திக்கு இது கேடு. பீட்டுக்கு மாற்றாக வந்த தேங்காய் நார்க்கழிவு நீரைப் பிடித்துவைக்கும். எனினும் அதில் ஊட்டம் அற்பம், உப்பு நீங்கக் கழுவவும் வேண்டும். அது மட்டுமே நிறைந்த தொட்டி எடை குறைவானதால் உயர்ந்த புதர் காற்றில் சாயும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் என நம் நாற்றங்கால்காரர் நெடுங்காலமாகக் கலந்துவரும் கலவை, ஜான் இன்னெஸ் கொள்கைக்கு நெருக்கமானது என்பது கவனத்துக்குரியது. பெங்களூருவின் செம்மண் காய்ந்தால் இறுகும். ஆகவே பருமணல் இன்றியமையாதது. மட்கு உரம் கலவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பதும், பின்னர் ஆண்டுதோறும் மேலுரமாக இடுவதும் தகும்.

எஞ்சுவது அந்த ஒரு பங்கின் தரம். நகரக் குப்பையை உரமாக்கக் கர்நாடகக் கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் 1975இல் நிறுவப்பட்டது. ஆனால் ஆச்சார்யாவின் காலத்துக் குப்பையில் பிளாஸ்டிக் இல்லை, மின்கலம் இல்லை. பிரிக்கப்படாத குப்பையிலிருந்து வரும் உரத்தில் கண்ணாடித் துகளும் கன உலோகமும் கலக்க வாய்ப்புண்டு. வீட்டிலேயே ஈரக்கழிவைப் பிரித்து மட்கச் செய்வது செடிக்கு நல்லது; குப்பையைக் கையால் பிரிக்க நேரும் தூய்மைப் பணியாளருக்கு அதைவிட நல்லது.