மண்ணுள் மறைந்த வழி: நிலத்தடி வாயுக் குழாய் அமைப்பில் பாதுகாப்பு நெறிகளின் வரலாறு

நகர நாகரிகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோபுரங்களையும் பாலங்களையும் புகையிரதப் பாதைகளையும் பற்றி விரிவாகக் கூறுவர். நிலத்துக்குக் கீழே புதைக்கப்பட்டவை அவர்தம் கவனத்தை அரிதாகவே ஈர்க்கின்றன. ஆயினும், கடந்த இரு நூற்றாண்டுகளில் மனிதனின் அன்றாட வாழ்வை மாற்றியமைத்த ஆக்கங்களுள் நிலத்தடி வாயுக் குழாயும் ஒன்றாகும். வீட்டு அடுப்புக்கும் தொழிற்சாலை உலைக்கும் மின்னிலையத்துக்கும் வேண்டிய எரிபொருள் கண்ணுக்குப் புலப்படாத வழியாக வந்து சேருகின்றது. அவ்வழி ஓரிடத்திற் பிளவுறின், அதனை அறியாது அதன்மேல் வாழ்வோரே பலியாகின்றனர்.

இன்று குழாய் புதைக்கும் பொறியியலாளர் பின்பற்றும் விதிகள் நூலறிவினால் மாத்திரம் உருவானவையல்ல. எவ்வளவு ஆழத்திற் புதைத்தல், எவ்வாறு இணைத்தல், எந்த அமுக்கத்திற் சோதித்தல், எதனைப் பதிவுசெய்து பேணல் என்பன பற்றிய விதிகளுட் பல, தோல்விகளின் பின்னரும் உயிரிழப்புகளின் பின்னருமே வகுக்கப்பட்டன. இயற்கை வாயுவை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் தொழில் ஐக்கிய அமெரிக்காவிலேயே முதலில் விரிவடைந்தமையால், இவ்வரலாறும் பெரும்பாலும் அந்நாட்டைச் சார்ந்தே அமைகின்றது.

மரமும் வார்ப்பிரும்பும்

வாயுவைக் குழாய்வழியே வழங்கும் முறை பிரித்தானியாவிற் பிறந்தது. 1807இல் பிரெடரிக் வின்சர் என்பார் இலண்டன் பல்மல் வீதியில் நிலக்கரி வாயுவால் எரியும் விளக்குகளை ஏற்றிக் காட்டினார். 1812இல் அந்நகரில் இதற்கெனக் கம்பனியொன்று அரச பட்டயம் பெற்றது. அதன்பின் தெருக்களின் கீழே வார்ப்பிரும்புக் குழாய்கள் பரவலாயின. ஒரு குழாயின் அகன்ற முனையினுள் மற்றதன் முனையைச் செருகி, இடைவெளியிற் சணல் நாரைத் திணித்து, உருகிய ஈயத்தை வார்த்து அடைப்பதே அக்கால இணைப்பு முறை. அமுக்கம் மிகக் குறைவாக இருந்தமையால் அது போதியதாயிற்று. ஆனால் வார்ப்பிரும்பு நொய்மையானது; நிலம் சிறிது அசையினும் வெடிக்கக் கூடியது. 1971 ஒக்டோபர் 21இல் ஸ்கொத்லாந்தின் கிளார்க்ஸ்ரன் என்னும் ஊரில், வெடித்த குழாயிலிருந்து கசிந்த வாயு கடைத்தொகுதியொன்றின் கீழே திரண்டு தீப்பற்றியதில் 22 பேர் இறந்தனர். கட்டடங்களுக்கு 30 மீற்றருக்குள் உள்ள இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளுள் மாற்றும் திட்டத்தைப் பிரித்தானியா 2002இலேயே தொடங்கியது.

அமெரிக்காவில் இயற்கை வாயுவின் பயன்பாடு 1820களில் நியூயோர்க் மாநிலத்தின் பிரெடோனியா என்னும் சிற்றூரில் தொடங்கியது. 1870களின் தொடக்கத்தில் அதே மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகருக்கு ஏறத்தாழ 25 மைல் தூரம் பைன் மரத்தைத் துளைத்துச் செய்த குழாய்களால் வாயு கொண்டுவரப்பட்டது. மரம் உக்கியது, மூட்டுகள் கசிந்தன, திட்டம் கைவிடப்பட்டது. 1872இல் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில் நகருக்கு ஐந்தரை மைல் தூரம் இரண்டு அங்குல இரும்புக் குழாய் இடப்பட்டபோது, எதிர்காலம் உலோகத்துக்கே உரியது என்பது தெளிவாயிற்று.

இணைப்பும் அரிப்பும்

தூரம் கூடக் கூட அமுக்கமும் கூடவேண்டியிருந்தது. 1891இல் இந்தியானா மாநிலத்திலிருந்து சிக்காகோவுக்கு 120 மைல் தூரம் இடப்பட்ட இரட்டைக் குழாய்களிற் சதுர அங்குலத்துக்கு 525 இறாத்தல் அமுக்கத்தில் வாயு செலுத்தப்பட்டது. இத்தகைய அமுக்கத்திற் குழாயின் சுவரைவிட மூட்டே பலவீனமானதாக விளங்கிற்று. 1880களில் சொலமன் டிறெசர் என்பவர் இறப்பர் வளையத்தை இறுக்கிக் கசிவைத் தடுக்கும் இணைப்பியொன்றை ஆக்கினார். எனினும் நிலைபேறான தீர்வு குழாய்களை உருக்கி ஒன்றாக்கும் காய்ச்சியிணைத்தல் முறையே ஆகும். 1911 அளவிற் பரீட்சிக்கப்பட்ட இம்முறை 1920களிற் பரவியது. 1931இல் ரெக்சாஸிலிருந்து சிக்காகோவுக்கு ஏறத்தாழ 1,000 மைல் நீளமான 24 அங்குல உருக்குக் குழாய் நிறைவுற்றது.

உருக்கு மற்றொரு பகையைச் சந்தித்தது. ஈரமண்ணிற் புதைந்த உருக்கு ஒரு மின்கலத்தின் தகடுபோலச் செயற்படுகின்றது. மின்னோட்டம் குழாயை விட்டு மண்ணுட் செல்லுமிடத்தில் இரும்பு கரைந்து துளையாகின்றது. கப்பலின் செப்புத் தகட்டோடு இரும்பையோ நாகத்தையோ இணைத்தாற் செப்பு அரிப்புறாது என்பதை ஹம்பிரி டேவி 1824இலேயே காட்டியிருந்தார். ஒரு நூற்றாண்டின் பின்னர், 1928இல், றொபேட் கூன் என்னும் பொறியியலாளர் நியூ ஓர்லியன்ஸ் நகரில் இத்தத்துவத்தை வாயுக் குழாய்க்குப் பிரயோகித்தார். வெளியிலிருந்து மின்னைச் செலுத்திக் குழாயைக் கதோட்டாக்கும் இம்முறை கதோட்டுப் பாதுகாப்பு எனப்படுகின்றது. செப்பு-செப்புச் சல்பேற்று ஒப்பீட்டு மின்வாயோடு நோக்குமிடத்து, குழாயின் அழுத்தம் மறை 0.85 உவோற்று அளவில் இருத்தல் வேண்டும் என அவர் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது. மேற்பூச்சு முதற் கவசமாகவும், பூச்சுத் தவறிய இடங்களில் மின்னோட்டம் இரண்டாவது கவசமாகவும் அமைந்தன.

மணமில்லா மரணம்

உலோகமும் இணைப்பும் எவ்வளவு திருந்தினும், கசிந்த வாயுவை மனிதர் அறியாவிடின் பயனில்லை என்பதை 1937 மார்ச் 18ஆம் நாள் உலகுக்கு உணர்த்தியது. ரெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் இடத்திற் பாடசாலையொன்று, செலவைக் குறைக்கும் பொருட்டு, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வீணாகச் சென்ற எஞ்சிய வாயுவைத் தனது வெப்பமூட்டிகளுக்கு இணைத்திருந்தது. இணைப்பிலிருந்து கசிந்த வாயு கட்டடத்தின் அடித்தளத்துக் கீழான வெற்றிடத்தில் நிறைந்தது. இயற்கை வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பாடசாலை விடுவதற்குச் சிறிது நேரத்துக்கு முன்னர், தொழிற்கூடத்தில் மின்பொறியொன்றை இயக்கியபோது எழுந்த பொறி அதனைப் பற்றவைத்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் அழிந்தன. அவருட் பெரும்பாலோர் மாணவர்.

அதே ஆண்டில் ரெக்சாஸ் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று, வாயுவிற் கடுநாற்றம் வீசும் கந்தகச் சேர்வையைக் கலத்தல் வேண்டும் என்பது. மற்றையது, பொறியியற் பணியில் ஈடுபடுவோர் தகைமை பெற்றுப் பதிவுசெய்தல் வேண்டும் என்பது. இரண்டாவது சட்டம் அதிகம் பேசப்படுவதில்லையாயினும் முக்கியத்துவத்திற் குறைந்ததன்று. குழாயைத் தொடுவோர் எவர், அவர்தம் தகைமை யாது என்னும் வினாவைச் சட்டம் எழுப்பியது அப்போதே ஆகும்.

விதிகள் ஒழுங்குபெற்ற காலம்

1955இல் அமெரிக்கப் பொறியியலாளர் வாயுக் குழாய்களுக்கெனத் தனிக் கோவையொன்றை வெளியிட்டனர். எனினும் அதனைப் பின்பற்றுதல் நாடு முழுவதும் கட்டாயமாக இருக்கவில்லை. 1965 மார்ச் 4ஆம் நாள் லூசியானா மாநிலத்தின் நக்கிற்றொஷ் அருகே 24 அங்குலக் குழாயொன்று பிளந்து 17 பேர் மாண்டனர். இதனைத் தொடர்ந்து 1968இல் இயற்கை வாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1970இல் நாடு முழுவதற்குமான விதிகள் பிறந்தன. ஒரு குழாயை இடுதலின் ஒவ்வொரு படியிலும் இவ்விதிகள் புகுந்தன.

முதலில் இடம். குழாயின் இருமருங்கும் உள்ள கட்டடங்களை எண்ணி நிலம் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டது. மக்கள் செறியச் செறியக் குழாய்ச் சுவருக்கு அனுமதிக்கப்படும் தகைப்புக் குறைந்து செல்லும். அதாவது, அதே அமுக்கத்துக்குத் தடித்த சுவர் தேவைப்படும். அடுத்தது ஆழம். நெடுந்தூரக் குழாய்கள் குடியிருப்பு அருகிய சாதாரண நிலத்திற் குறைந்தது 30 அங்குலமும், ஏனைய வகுப்புகளில் 36 அங்குலமும் மண்மூடப்படல் வேண்டும். பிற நிலத்தடி அமைப்புகளிலிருந்து 12 அங்குல இடைவெளியும் வேண்டும்.

பின்னர் அகழி. தோண்டுவோரின் உயிரும் இங்கே கணக்கிற் கொள்ளப்பட்டது. ஐந்து அடிக்கு மேற்பட்ட ஆழமெனின் பக்கங்கள் சரித்து வெட்டப்படல் வேண்டும், அல்லது முட்டுக்கொடுக்கப்படல் வேண்டும். தோண்டிய மண் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிக் குவிக்கப்படல் வேண்டும். தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் கூறுவன இவை. ஒரு கனமீற்றர் மண் ஒரு தொன்னுக்கு மேல் நிறையுடையது என்பதை எண்ணுமிடத்து, இவ்விதிகளின் நியாயம் புலப்படும். அகழியின் அடியிற் கூரிய கற்கள் இருப்பின் மேற்பூச்சுக் கிழியும். ஆதலால் மென்மண் அல்லது மணற்படுக்கை இட்டே குழாய் இறக்கப்படுகின்றது. இறக்குமுன் மின்கருவியொன்றைப் பூச்சின்மேற் செலுத்தி, ஊசித்துளையளவு குறையும் கண்டு செப்பனிடப்படுகின்றது.

இணைப்புகள் ஊடுகதிர்ப் படத்தால் ஆராயப்படுகின்றன. உயரமுக்கக் குழாய்களில், குடியிருப்பு அருகிய நிலத்திற் பத்தில் ஒரு பங்கு மூட்டுகளேனும், மக்கள் செறிந்த இடங்களில் இயன்றவரை எல்லா மூட்டுகளும் சோதிக்கப்படல் வேண்டும். இறுதியாக நீர்ச்சோதனை. குழாயில் நீரை நிரப்பி, செறிந்த பகுதிகளிற் பயன்பாட்டு அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு உயர்த்தி, எட்டு மணிநேரம் வைத்திருப்பர். வாயு அமுக்கப்படும்போது பெருஞ்சக்தியைச் சேமிக்கும், நீர் அவ்வாறன்று. எனவே சோதனையிற் குழாய் பிளந்தாலும் வெடிப்பு நிகழாது. வாயுவை முதன்முறை செலுத்துகையிலும் எச்சரிக்கை வேண்டும். காற்றிலே ஏறத்தாழ 5 முதல் 15 வீதம் வரை மெதேன் கலந்த நிலை தீப்பற்றக் கூடியது. ஆதலால் உள்ளிருக்கும் காற்று விரைவாகவும் தொடர்ச்சியாகவும் வெளியேற்றப்படுகின்றது, அல்லது நைதரசன் போன்ற மந்தவாயு இடையிற் செலுத்தப்படுகின்றது.

புதைத்தபின் தோண்டுவோர்

ஒழுங்காகப் புதைத்த குழாய்க்கும் பிறர் தோண்டுதலால் ஆபத்து வந்தது. 1995 ஏப்ரில் 28இல் தென்கொரியாவின் டேகு நகரிற் கட்டட வேலைக்காகத் துளையிட்டோர் வாயுக் குழாயைத் துளைத்தனர். கசிந்த வாயு அருகே அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த சுரங்க இரயில் வேலைத்தளத்துட் புகுந்து வெடித்து 101 பேரைக் கொன்றது. பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியன் என்னும் இடத்தில் முன்னர் ஒரு பொறி குழாய்ச் சுவரைக் கீறியிருந்தது. 2004 யூலை 30இல், அமுக்கம் உயர்த்தப்பட்ட பின்னர், அக்கீறல் பிளந்து 24 பேர் இறந்தனர். கசிவறிந்து உதவிக்கு வந்த தீயணைப்பு வீரரும் அவருள் அடங்குவர்.

புதுமுறைகளும் புதுத் தீங்குகளைக் கொணர்ந்தன. 1971இற் கலிபோர்ணியாவில் மாட்டின் செறிங்டன் என்பவர் பஹாரோ ஆற்றின் கீழே கிடையாகத் துளையிட்டு வாயுக் குழாயொன்றை இழுத்தார். தெருவை வெட்டாது குழாய் இடும் வழி இதனாற் பெருகியது. ஆனால் காணாது துளைப்பவன் எதனைத் துளைக்கிறான் என்பதை அறிவதில்லை. துளையிட்டுக் குழாய் இடும் முறைகளின் இவ்வாபத்து 1976இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோசா நகரில் வெளிப்பட்டது. அங்கே பிளாத்திக்கு வாயுக் குழாயொன்று கழிவுநீர்க் குழாயை ஊடறுத்து இடப்பட்டிருந்தது. பின்னொரு நாள் கழிவுநீர்க் குழாயைத் துப்புரவாக்கிய கருவி அதனை அறுக்க, வெடிப்பில் இருவர் மாண்டனர். பிளாத்திக்கு அரிப்புறாது, ஆயின் உலோகங்காணும் கருவிக்கும் அது புலப்படாது. அதனாலேயே அதனோடு மின்கடத்தும் கம்பியொன்றையும் சேர்த்துப் புதைக்க விதி வந்தது. தோண்டுமுன் அறிவித்தற்கு 2007இல் அமெரிக்கா முழுவதற்கும் 811 என்னும் ஒரே தொலைபேசி எண் வழங்கப்பட்டது.

மறதியின் விலை

இவ்வளவு விதிகளுக்குப் பின்னரும், 2010 செத்தெம்பர் 9ஆம் நாள் மாலை கலிபோர்ணியாவின் சான் புறூனோ நகரில் 30 அங்குலக் குழாயொன்று பிளந்தது. எட்டுப் பேர் இறந்தனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்துவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் சென்றது. அப்பகுதிக் குழாய் 1956இல் இடப்பட்டது. அது நெடுக்கு மூட்டற்றது எனப் பதிவேடு கூறியது. தோண்டி எடுத்துப் பார்த்தபோது, சிறு துண்டுகள் பல சேர்க்கப்பட்டிருந்தமையும், அவற்றுட் சிலவற்றின் நெடுக்கு மூட்டு முழுமையாகக் காய்ச்சி இணைக்கப்படாதிருந்தமையும் தெரியவந்தன. நீர்ச்சோதனை ஒன்றே அக்குறையை வெளிப்படுத்தப் போதுமாயிருந்திருக்கும். ஆனால் 1970இன் விதிகள் பழைய குழாய்களைப் புதிய சோதனையினின்றும் விலக்கி, அவை முன்னர் தாங்கிய அமுக்கத்தையே சான்றாக ஏற்றிருந்தன. அவ்விலக்கும் பிழையான ஏடும் சேர்ந்து, 54 ஆண்டுகள் ஒரு குறையை மண்ணுள் மறைத்து வைத்தன.

2019இல் வெளியான அமெரிக்க விதிகள், போதிய சான்றேடுகள் இல்லாத முக்கியமான பழைய குழாய்களின் அமுக்கத் தகுதி மீளவும் நிறுவப்படல் வேண்டும் எனப் பணித்தன. மூலத்தைக் காட்டவும் சரிபார்க்கவும் கூடிய முழுமையான ஏடுகளையும் கோரின. மரக்குழாயின் கசிவில் தொடங்கிய வரலாறு ஏட்டின் செம்மைக்கு வந்து சேர்ந்தது. இது தற்செயலன்று. குழாய் இடுபவரின் தொழில் சில மாதங்களில் முடிகின்றது. குழாயோ அவர்தம் வாழ்நாளையும் கடந்து மண்ணிற் கிடக்கின்றது. அதன்மேல் வீடு கட்டுவோரும் வீதி தோண்டுவோரும் அவரைக் கண்டறியார். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தகைய உலோகத்தால், யாரால் இணைக்கப்பட்டது என எழுதிவைத்த ஏடு ஒன்றே அவ்விரு தலைமுறைகளுக்கும் இடையிலான பேச்சு. மூட்டைச் செம்மையாக இணைத்தவனும், அம்மூட்டை உள்ளவாறு எழுதிவைத்தவனும், இன்னும் பிறவாத ஒருவரின் உயிரைக் காக்கும் பணியையே செய்தவராவர்.