கார் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே என்னென்ன பார்க்கலாம்?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புத் தண்ணீர் புதிதல்ல. மழைக்காலம் முடிந்த பிறகும் காயல் நீர் ஏறி ('வேலியேற்றம்' என்பார்கள் உள்ளூரில்) தாழ்வான தெருக்களில் வந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் போய் வந்த காரில் சில நாள் கழித்து மஞ்சள் நிறத்தில் 'ஏபிஎஸ்' என்று விளக்கு எரிந்தால் ஆச்சரியமில்லை.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைவது வழக்கம்தான். அது சிஸ்டம் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அணையாமல் நின்றாலோ, ஓடும்போது திடீரென எரிந்தாலோதான் கவனிக்கணும்.

மஞ்சள் விளக்கோடு காரை ஓட்டலாமா?

மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் அவசரத்தில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். நனைந்த ரோட்டில் இது ஆபத்து. இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டி, சீக்கிரம் சரி செய்யுங்கள்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? ஹேண்ட்பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் காரை எடுக்காதீர்கள், டோ செய்யச் சொல்லுங்கள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனாலும் இதேதான்.

முதலில் பானெட்டைத் திறங்கள்

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. மூடியில் எழுதியிருக்கும் 'டாட் 3' அல்லது 'டாட் 4' வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொச்சி மாதிரி ஈரக்காற்று ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்து பேட்டரி. எஞ்சின் நிற்கும்போது மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டணும். பேட்டரி சோர்ந்திருந்தாலே ஏபிஎஸ் விளக்கு எரிவதுண்டு. பிறகு மேனுவலைப் பார்த்து ஏபிஎஸ் ஃபியூஸ்களைச் சோதியுங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்கள். அதுவும் எரிந்தால் வயரில் ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

பெரும்பாலும் குற்றவாளி சக்கர சென்சார்

ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் ஒரு சென்சார் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் சட்டென நிற்கப் போனால், ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விநாடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கும். நான்கில் ஒன்றின் கணக்கு வராவிட்டாலும் சிஸ்டம் தன்னை அணைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும்.

எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, முன் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சென்சார் வயர் அறுந்திருக்கிறதா? பஜார் ரோட்டு மசாலா, அரிசிக் கிடங்குகள் பக்கம் நிறுத்துபவர்கள் எலி கடித்த தடயத்தையும் தேடுங்கள். கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். உப்புத் தண்ணீரின் வேலை அது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டினால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். சென்சார் முனையில் சேறோ இரும்புத்தூளோ ஒட்டியிருந்தால் துணியால் துடையுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் சமதளத்தில் ஸ்டாண்ட் வைத்துத்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்.

சமீபத்தில் வீல் பேரிங் மாற்றினீர்களா? பல புது கார்களில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. தலைகீழாக மாட்டினால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர் போட்டாலும் குழப்பம் வரும்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? ஸ்கேனர் சொல்லும். சி0035 என்றால் பொதுவாக முன் இடது, சி0040 முன் வலது. ஆனால் மலிவான புளூடூத் கருவிகள் பல எஞ்சின் கோடு மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஏபிஎஸ் பம்பும் கன்ட்ரோல் யூனிட்டும் வீட்டு வேலையில் சேராது. அதைக் கழற்றினால் உள்ளே காற்று புகும். வெளியேற்ற பல கார்களுக்கு ஒர்க்ஷாப் ஸ்கேனர் வேண்டும்.

சரி செய்த பிறகும் சில கார்களில் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் விளக்கு அணையும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அணைப்பவர்களும் உண்டு. கோளாறு இருந்தால் அது திரும்ப எரியும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குப் பிறகு வந்த காரில் சாவியைத் திருப்பும்போது ஏபிஎஸ் விளக்கு ஒரு விநாடிகூட எரியவில்லை என்றால், யாரோ அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். விலை பேசும் முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.