எச்.ஐ.வி. தொற்றுள்ளோரிடம் காசநோய் கண்டறிதல்

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் காசநோயே முதன்மையானது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கேயுள்ள ஏலமலைச் சரிவுகளையும் சேர்ந்த தொழிலாளர்களிடம் இதைக் காலத்தே கண்டுபிடிப்பது தனிக் கவனத்துக்குரியது.

வரலாறு: காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். சீல், நீல்சன் இருவர் பெயராலும் வழங்கும் சாயமுறை அடுத்து வந்தது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் செந்நிறக் குச்சிகளாகத் தெரியும் கிருமிகளைத் தேடும் இம்முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. தமிழகத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் நிறுவினார். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் உருவான ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), வீட்டிலிருந்தே மாத்திரை உண்டு குணமாகலாம் என்று 1959இல் நிறுவியது. உலகின் சிகிச்சை முறையையே மாற்றிய முடிவு அது. சிகிச்சை ஊர்தோறும் சென்றபோது சளிப் பரிசோதனையும் கூடவே சென்றது.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் முதன்முதலாக உறுதிசெய்தனர். பின்னர், அந்தச் சானடோரியத்திலிருந்து வளர்ந்த தாம்பரம் மருத்துவமனை இரு நோய்களுக்கும் புகலிடமானது. 2004இல் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

பழைய முறையின் குறை: நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். பெரும்பாலும் நுரையீரலில் குழி விழுந்தால்தான் சளியில் அவ்வளவு கிருமி சேரும். குழி விழுவதோ உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியோடு போரிடுவதால். எதிர்ப்பாற்றலை நடத்தும் சிடி4 அணுக்கள் மிகக் குறைந்தவரிடம் அந்தப் போர் சரிவர நடப்பதில்லை. சளி சுத்தம் என்று அறிக்கை வரலாம். எக்ஸ்ரேயும் தெளிவாக இருக்கலாம். மாண்டூ தோல் சோதனையில் ஊசி போட்ட இடமும் பெரும்பாலும் தடிப்பதில்லை. நோய் நெறிக்கட்டு, மூளைச்சவ்வு, வயிறு என்று ஒளிந்துகொள்கிறது. ஆகவே இவர்களுக்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுச் சோதனையே முதற்சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்ற எக்ஸ்பெர்ட் என்ற இவ்வகைச் சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற முதன்மைக் காசநோய் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் காட்டும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற மூலக்கூறுச் சோதனைக் கருவி பேட்டரியில் இயங்குவதால் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஏற்றது. எச்.ஐ.வி. நோய் முற்றியவருக்கு, காசநோய்க் கிருமியின் கூறைச் சிறுநீரில் தேடும் லாம் சோதனை உதவும்.

ஏலமலைப் பகுதி: விடியுமுன் ஜீப்பேறி போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் கூலித் தொழிலாளி, காலையில் மட்டும் நடக்கும் புறநோயாளிப் பிரிவுக்கு வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். விடிகாலைச் சளியைச் சேகரித்த டப்பாவை மறுநாள் கொண்டுவரச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை, பூச்சிமருந்தடிப்பு, மலைப்பனி ஆகியவற்றின் மேல் இருமலைச் சுமத்திவிடுவதும் எளிது. முதல் வருகையிலேயே சளி பெற்று அன்றே முடிவு சொல்வதுதான் இங்கு முறையாகும்.

இன்றைய நிலை: நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும், அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் இலவசம். பொதுமக்களுக்குச் சொல்லப்படும் இரண்டு வார இருமல் என்ற கணக்கு எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பொருந்தாது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஒன்று ஒரே நாள் இருந்தாலும் அவரைச் சோதிக்க வேண்டும்.