கடலூர், சிதம்பரம்: நகரமைப்பும் குடியிருப்புத் திட்டமும்

கடலூர் மாவட்டத்துக் கடலோரச் சமவெளியில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள கடலூர், சிதம்பரம் என்னும் இரு நகரங்களின் நில அமைப்பு, தொன்றுதொட்டு நீராலேயே நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. தென்பெண்ணையும் கெடிலமும் கடலிற் கலக்குமிடத்தில் கடலூரும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள வயற்பரப்பில் சிதம்பரமும் இருப்பதால், மேட்டு நிலங்களிலிருந்து இறங்கிவரும் மழைவெள்ளம் அனைத்தும் இவ்விரு ஊர்களின் பக்கமாகச் சென்றே கடலை அடைய வேண்டியிருக்கிறது. ஆகவே, இங்கே எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் வயலுக்கு, எந்த நிலம் வெள்ளத்துக்கு என்று முன்கூட்டியே பிரித்துவைப்பது மக்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியமாகும்.

இவ்விரண்டில் சிதம்பரத்தின் அமைப்பே பழமையானது. நடராசர் ஆலயத்தை நடுவில் வைத்து, கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என நான்கு தேர்வீதிகள் சதுரமாகச் சூழ, அவற்றுக்குப் பின்னால் குடியிருப்புத் தெருக்களும், ஊடே ஞானப்பிரகாசர் குளம், ஓமகுளம் முதலிய நீர்நிலைகளும் அமைந்த அவ்வூரில், தேர் திரும்புவதற்கு வேண்டிய அகலமே வீதியின் அகலமாயிற்று. தேர் ஓடவேண்டும் என்ற ஒரே நியதி, வேறெந்தச் சட்டமும் இல்லாமலேயே, ஆக்கிரமிப்பைப் பல நூற்றாண்டுகள் தடுத்து நின்றது. முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோர் காலத்தில் படைத்தலைவனாக விளங்கிய நரலோகவீரன் என்ற மணவிற்கூத்தன், மாசிக் கடலாட்டுக்காகக் கிள்ளைக் கடற்கரையில் மண்டபம் அமைத்ததையும், அங்கே செல்லப் பெருவழி வகுத்ததையும், வழியில் நன்னீர்க்குளம் வெட்டுவித்ததையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. சாலை போடும்போதே குளத்தையும் வெட்டிய அந்த மனப்பான்மையே நகரமைப்பின் முதற்பாடம் என்று கொள்ளத்தக்கது.

கடலூரின் வரலாறு வேறுவிதமானது. 1690-ஆம் ஆண்டில், செஞ்சியில் ஆட்சிபுரிந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரையுள்ள நிலமும் தமக்கே உரியது என்ற நிபந்தனையைப் பெற்று, நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்துக்கொண்டனர். அந்த நிகழ்ச்சியின் ஞாபகமாகவே குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த இடம், 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்து, 1758-இல் பிரெஞ்சுப் படையால் தகர்க்கப்பட்டது. கோட்டை அழிந்தாலும், துறைமுகத்தையும் வாணிபத்தையும் சார்ந்த முதுநகர் ஒருபுறமும், உத்தியோகமும் நீதிமன்றமும் மைதானமும் கொண்ட மஞ்சக்குப்பம் மற்றொருபுறமும், பாடல்பெற்ற ஸ்தலமாகிய திருப்பாதிரிப்புலியூர் தனியேயுமாக, ஒரே பெயரின்கீழ் பல ஊர்கள் நிலைபெற்றன. முதுநகரில் ஒன்றும் திருப்பாதிரிப்புலியூரில் ஒன்றுமாக இரு ரயில் நிலையங்கள் இருப்பதும் இப்பிரிவையே காட்டுகிறது.

கடலூர் 1866-லும் சிதம்பரம் 1873-லும் நகராட்சிகளாயின. அக்கால நகராட்சிகள் சுகாதாரத்தையும் வரியையுமே கவனித்தன. வருங்கால வளர்ச்சியைத் திட்டமிடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. 1914-15-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து நகரங்கள் சிலவற்றைச் சுற்றிப் பார்வையிட்ட ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், கோயிலையும் குளத்தையும் தெருவையும் இடிக்காமல் சீர்திருத்துவதே சிறந்தது என வாதாடினார். பம்பாய் மாகாணம் 1915-இல் நகரமைப்புச் சட்டம் இயற்றியபின், சென்னை மாகாணமும் 1920-இல் அவ்வாறே ஒரு சட்டம் இயற்றியது. அதே 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய மீனாட்சி கல்லூரி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தபோது, ரயில் பாதைக்குக் கிழக்கே, விடுதிகளும் ஆசிரியர் இல்லங்களும் அகன்ற சாலைகளும் கொண்ட அண்ணாமலைநகர் தனி ஊராகவே எழுந்தது. நிலம் முழுவதும் ஒரே ஸ்தாபனத்தின் வசம் இருந்தமையால் அங்கே முன்யோசனை நிறைவேறியது. பழைய நகரைச் சுற்றியிருந்த வயல்கள் பலர் கையில் இருந்தமையால் அவற்றுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றி, முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் முதலிய திட்டங்களுக்கு வழிசெய்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என நிலம் முழுவதையும் உபயோக வாரியாகப் பிரித்து வரைபடத்தில் நிறுத்துவது முதலாவது. அதற்குள் தெருத்தெருவாக நுணுகிச் செல்வது இரண்டாவது. பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தை மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் அவ்வொதுக்கீடு நீங்கிவிடும் என்ற விதியால், பணமில்லாத உள்ளாட்சிகளின் உத்தேசங்கள் பல காகிதத்தோடு நின்றுபோயின. 1961-இல் தோன்றிய வீட்டு வசதி வாரியமும், 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியமும் சிறு நகரங்களின் தேவையில் ஒரு பகுதியையே நிறைவேற்றின.

மீதியை நிறைவேற்றியவர்கள் மனை வணிகர்களே. தரிசாக விடப்பட்ட நஞ்சை நிலம் மஞ்சள் கல் நட்ட மனைப்பிரிவாக மாறுவதும், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை நம்பிச் சிறு சேமிப்புக்காரர் வாங்குவதும், அகலம் குறைந்த தெருவில் வீடு எழும்பியபின் வடிகால் தேடுவதும் தமிழகமெங்கும் வழக்கமாயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017-இல் அரசு, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முற்பட்ட மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வகுத்தது. பத்திரம் செல்லுபடியாயிற்று, ஆனால் தூர்ந்த வாய்க்கால் மீண்டும் வெட்டப்பட்டதா என்பதை வரன்முறை கேட்பதில்லை.

1980-களில் உப்பனாற்றுக்கும் சிதம்பரம் சாலைக்கும் இடையே, குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்ததும் நெடுங்காலத் திட்டமின்மையின் விளைவே. ரசாயன ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே தக்க இடைவெளி காக்கப்படாததன் துன்பத்தை அவ்வூர்கள் இன்னும் அனுபவிக்கின்றன.

இயற்கை தன் கணக்கைத் தானே காட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலிய குப்பங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. 2005 மார்ச்சில் வெளியான அரசாணை, கடலின் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய வீடுகள் கட்டித்தர முன்வந்தது. படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்துப் பழகிய மீனவர்க்கு, அது பாதுகாப்பையும் பிழைப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திய தேர்வாக இருந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இல் பெருமழையும் தாக்கியபோது, தாழ்ந்த நிலத்துப் புதிய குடியிருப்புகளுக்கும் பழைய குடிசைகளுக்கும் வெள்ளம் வித்தியாசம் பாராட்டவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி கடலூரின் ஜனத்தொகை 1,73,636. சிதம்பரத்தின் ஜனத்தொகை 62,153. கடலூர் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. எல்லை விரியும்போது அதனுள் வருவன பெரும்பாலும் வயல்களும் ஏரிப்புறங்களுமே. இனி வகுக்கப்படும் எந்த முழுமைத் திட்டத்திலும் ஆறு, வாய்க்கால், குளம் ஆகியவற்றை முதலில் வரைந்து, எஞ்சிய மேட்டில் வீட்டுக்கும் சாலைக்கும் இடம் காண்பதே முறை. திட்ட வரைவு வெளியானபின் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் மக்களின் ஆட்சேபணைகளைப் பெறவேண்டும் என்பது சட்டம். தம் தெருவின் வெள்ளம் எவ்வழி வடிந்தது என்று அறிந்த ஒவ்வொருவரும் அந்த இரண்டு மாதங்களுக்குள் அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.