வெப்பத்தின் கணக்கு

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் வரலாற்றை, 1970 தொடங்கி 2017இல் மூடியது வரை, 450 மெகாவாட் என்றே எழுதிவைத்திருக்கிறோம். எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் மின்சாரம். மிச்சம் புகைபோக்கியிலும் குளிர்நீரிலும் போனது. 1994இல் வந்த வடசென்னை நிலையத்தின் சுடுநீர் கொசஸ்தலை முகத்துவாரத்தில் கலந்து மீன் போச்சு என்கிறார்கள் மீனவர்கள். இது எந்தக் கணக்கில் வரும்?

கட்டடத்துக்குள் வைக்கும் எரிபொருள் கலத்துக்கான கணித மாதிரிகள் இந்த மிச்சத்தையும் விளைபொருளாக எண்ணுகின்றன. 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த எனி-ஃபார்ம் மின்சாரத்தோடு வெந்நீரும் தருகிறது. என் சந்தேகம் அந்த மாதிரிக்குள் இருக்கும் 'வீடு' பற்றியது. அது குளிர்நாட்டு வீடு. திருவொற்றியூர்ல மே மாசம் வெந்நீர் யாருக்கு வேணும்? காசிமேட்டுக்கு வேண்டியது ஐஸ். உயர்வெப்பக் கலத்தின் சூட்டைக்கொண்டு அம்மோனியா உறிஞ்சல் முறையில் ஐஸ் செய்யலாம். மாதிரியை அங்கிருந்தும் எழுதத் தொடங்கலாம்.