ஆடுகளோடு இறங்கிய நோய்

வாழைச்சேனைப் பக்கம் பட்டி வைத்திருந்த பெரியவர்களிடம் 1987 பற்றிக் கேட்டால் ஆமிக்கதைதான் முதலில் வரும். மாட்டுக்கதை கடைசியில், அதுவும் நாங்கள் தோண்டிக் கேட்டால்தான். மனிசர் செத்த காலத்தில மாடு செத்ததை ஆர் கணக்கெடுத்தது? ஆனாலும் அதுவும் எங்கட வரலாறுதான்.

ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் 1946க்குப் பிறகு இலங்கையில் இருக்கவில்லை. நாற்பது வருசம். பட்டிக்காரர் மட்டுமல்ல, மிருக வைத்தியர்களில் பலரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு இந்திய அமைதிப்படை வந்தது. படையினரின் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு கிருமியும் இறங்கியது என்றுதான் இந்த நோயை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆடுதான் இதில் சூட்சுமம். ஆட்டுக்குள் இந்தக் கிருமி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பார்த்தால் சுகமான ஆடு. மாட்டுக்குள் போனால் கதை வேறு. கடும் காய்ச்சல், கண்ணும் மூக்கும் ஒழுகல், வாய்க்குள் தவிடு தூவினாப்போல புண், கெட்ட மணம், மறுகா நிற்காத கழிச்சல். ஒன்றிரண்டு கிழமைக்குள் மாடு விழுந்துவிடும். வாய்ப்புண்ணை மட்டும் பார்த்தால் நமக்குப் பழக்கமான கால்வாய் நோய் என்றே தோன்றும். அதில் மாடு நொண்டும், குளம்பிடையில் புண் வரும், ஆனால் வளர்ந்த மாடு சாவது குறைவு. இதில் கால் சுகமாக இருக்கும், மாடு செத்துப்போகும். இந்த வித்தியாசம் பிடிபடுவதற்குள் பக்கத்துப் பட்டிக்கும் போய்விடும். பெரும்போகத்துக்கு வயல் விதைத்தால் மாடுகளைக் காட்டோர மேய்ச்சல்தரைக்குச் சாய்ப்பது எங்கட பக்கத்து வழக்கம். பல பட்டிகள் அங்கே ஒன்றாக நிற்கும்.

தடுப்பூசி இல்லாத நோயல்ல இது. கென்யாவில் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய ஊசி 1960கள் தொடக்கம் இருந்தது. ஒருதரம் போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் காணும். கால்வாய் நோய்க் கிருமியில் ஏழு வகை. இதிலோ ஒரே வகை. கடதாசியில் பார்த்தால் லேசான வேலை. ஆனால் அந்த ஊசியைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேணும். சோதனைச் சாவடி தாண்டி, சண்டை நடக்கிற காட்டுக்குள், ஐஸ் பெட்டியோடு எந்த வைத்தியர் போவார்? போனாலும் பட்டி அங்கே நிற்குமா?

இலங்கையின் கடைசி நோயாளி மாடு 1994இல். உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரவில்லை.

2020இல் தோல்கட்டி நோய் நாட்டுக்குள் வந்தது. அதைப் பரப்புவது ஈயும் நுளம்பும். 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல்தரை கேட்டு வீதியில் இருந்தார்கள். தரை சுருங்கினால் பட்டிகள் இன்னும் நெருங்கி நிற்கும், நோய்க்கு அது வசதி. அந்தப் போராட்டத்தைக் காணிப் பிரச்சினையாக மட்டும் எழுதினவர்களில் நாங்களும் அடக்கம்.

உங்கட வீட்டில் 87, 88இல் பட்டி இருந்ததா? எத்தனை மாடு, எந்த மாதம், எந்தக் குறி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.