சார்லஸ் ரோல்ஸ் விமான விபத்து (1910)

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான சார்லஸ் ஸ்டூவர்ட் ரோல்ஸ், 1910 ஜூலை 12 அன்று இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரான போர்ன்மத்தில் தம் சொந்த விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்தார். எஞ்சின் பொருத்திய விமானத்தின் விபத்தில் உயிரிழந்த முதல் பிரிட்டானியர் இவரே. அப்போது அவருக்கு வயது 32.

லாங்கட்டாக் பிரபுவின் மூன்றாம் மகனாக 1877இல் லண்டனில் பிறந்த ரோல்ஸ், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று அவருடைய பறத்தலை ஒதுக்கிவிட முடியாது. எரிவாயு பலூன்களில் பலமுறை பறந்தார். 1901இல் பின்னாளைய ராயல் ஏரோ கிளப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1904இல் மான்செஸ்டரில் ஹென்றி ராய்ஸைச் சந்தித்தார். அதிலிருந்து பிறந்ததே புகழ்பெற்ற கார் நிறுவனம். ஆனால் 1908இல் பிரான்சில் வில்பர் ரைட்டுடன் பறந்து பார்த்தபின் அவர் மனம் கார்களிலிருந்து விலகத் தொடங்கியது. விமான எஞ்சின் செய்யும்படி ராய்ஸை வற்புறுத்தியும் பலிக்கவில்லை. 1910இல் நிறுவனத்தின் அன்றாடப் பொறுப்பை விட்டு விலகினார்.

1910 ஜூன் 2 அன்று டோவரிலிருந்து கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சில் தரையிறங்காமலே திரும்பிவந்தார். சுமார் 95 நிமிடப் பயணம். முந்தைய ஆண்டு பிரெஞ்சு விமானி பிளேரியோ ஒரு திசையில் கடந்த கால்வாயை, இடையில் இறங்காமல் இருமுறை கடந்த முதல் விமானி ரோல்ஸ்தான். அதிலிருந்து நாற்பதாம் நாள் அவர் உயிருடன் இல்லை.

விபத்து நடந்தது, போர்ன்மத் தன் நூற்றாண்டைக் கொண்டாட ஏற்பாடு செய்திருந்த விமானத் திருவிழாவில். இடம், நகரின் கிழக்கே சவுத்போர்ன் மைதானம். குறித்த இடத்துக்கு மிக அருகில் விமானத்தை இறக்குபவருக்குப் பரிசு. ரோல்ஸிடம் இருந்தது ரைட் சகோதரர்களின் வடிவமைப்பில் அமைந்த இரட்டை அடுக்கு இறக்கை விமானம். மூக்கை ஏற்றி இறக்கும் தட்டு அதில் முன்புறம் இருக்கும். ஓட்டுபவர் கீழ் இறக்கையின்மேல் திறந்தவெளியில் உட்கார்ந்திருப்பார். சற்றுத் தவறினாலும் மூக்கு தலைகுப்புறச் சாய்ந்துவிடும் இயல்புடையது. அந்தத் தள்ளாட்டத்தைக் குறைக்கவே பின்புறம் கூடுதலாக ஒரு வால் பொருத்தியிருந்தார்.

காப்பாற்ற வந்த அந்த வால்தான் முறிந்தது. இறங்கும் தருணத்தில் அது உடைந்து, விமானம் மூக்கு கீழாகத் தரையில் மோதியது. உயரம் அதிகமில்லை, அதனாலேயே நிமிர்த்த அவகாசமும் இல்லை. மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

இத்தகைய சாவுகள் அன்று புதியவை. 1908 செப்டம்பரில் ஆர்வில் ரைட்டின் விமானத்தில் பயணியாக அமர்ந்திருந்த தாமஸ் செல்ஃபிரிட்ஜ் இறந்ததே எஞ்சின் விமானத்தால் நேர்ந்த முதல் உயிரிழப்பு. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக்காரர் லெஃபெவ்ர் இறந்தார். விமானத்தை ஓட்டியவர்களில் முதல் பலி அவர். பழகிய இயந்திரத்தில் ஒரு பாகத்தை மாற்றினால் அதன் வலிமையைத் தரையிலேயே சோதித்துத் தேற வேண்டும் என்ற நடைமுறை, அந்த மனிதர்களின் காலத்தில் இன்னும் உருப்பெறவில்லை.

ரோல்ஸ் வேல்ஸில், குடும்ப மாளிகைக்கு அருகிலுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மொன்மத் நகரச் சதுக்கத்தில் உள்ள அவருடைய வெண்கலச் சிலை, கையில் ஓர் இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தின் சிறு உருவை ஏந்தி நிற்கிறது. டோவரிலும் ஒரு சிலை உண்டு. அவர் கேட்ட விமான எஞ்சினை முதல் உலகப் போர் வந்தபிறகு ராய்ஸ் வடிவமைத்தார். ஈகிள் என்ற அந்த எஞ்சின்கள் இரண்டைக் கொண்டுதான் 1919இல் விமானிகள் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் கடந்தார்கள்.